இல்லவழி நரம்பியல் பின்னூட்டப் பயிற்சியின் பலன் தோன்றும் காலம்: சான்றுகளும் அளவிடும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

மூளையின் மின்னலைகளை அளந்து, அவற்றின் ஏற்ற இறக்கங்களை உடனுக்குடன் ஒலியாகவோ காட்சியாகவோ உணர்த்தி, அவற்றைப் பயிற்சி பெறுபவரே மாற்றிக்கொள்ளப் பழக்கும் முறை நரம்பியல் பின்னூட்டம் எனப்படுகிறது. மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் மட்டுமே இருந்த இம்முறை, தலைப்பட்டை வடிவிலான கருவிகளின் வரவால் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துள்ளது. ‘எத்தனை நாளில் பலன் தெரியும்?’ என்பதே இதனைத் தொடங்குவோர் எழுப்பும் முதல் வினா. பலன் என்னும் ஒரே சொல் மூன்று வெவ்வேறு மாற்றங்களைக் குறிக்கிறது. அம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் தோன்றுகின்றன. அவற்றுள் வாழ்வுக்கு முக்கியமான மூன்றாவதைப் பயிற்சியின் விளைவு என நிறுவுவதே கடினமாக உள்ளது என்பதை இக்கட்டுரை வெளியான ஆய்வுகளின் துணைகொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நரம்பியல் பின்னூட்டம், மூளை மின்னலை, இல்லவழிப் பயிற்சி, போலிப் பயிற்சி, கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு.

முன்னுரை

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர், 1924-ஆம் ஆண்டு மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1929-இல் அதனை வெளியிட்டார். கண்களை மூடியிருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்தடங்கும் அலை ஒன்று தோன்றுவதையும், கண்களைத் திறந்ததும் அது அடங்குவதையும் அவர் கண்டார். ஆல்ஃபா அலை என்னும் பெயர் அதற்கு அவரே இட்டது. இந்த அலையை ஒருவர் தம் விருப்பத்தால் கூட்டவோ குறைக்கவோ இயலுமா என்னும் ஆய்வை 1950களின் பிற்பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ கமியா தொடங்கினார். நரம்பியல் பின்னூட்டத்தின் வரலாறு அங்கிருந்தே எண்ணப்படுகிறது.

இன்று ஒரு குடும்பம் தலைப்பட்டை ஒன்றை வாங்கி, கைப்பேசிச் செயலியுடன் இணைத்து, பள்ளி செல்லும் பிள்ளைக்கு அணிவிக்கும்போது அதன் பின்னே இந்த நீண்ட ஆய்வு மரபு நிற்பதாகக் கருதப்படுகிறது. அக்கருத்து ஓரளவே உண்மை. ஆய்வகத்தில் பெற்ற கால அளவுகளை அப்படியே இல்லத்திற்குக் கொண்டுவர இயலாமைக்குக் கருவியே முதற்காரணமாக இருக்கிறது. சித்த மருத்துவத்தில் மருந்துண்ணும் காலத்தை ஒரு மண்டலம் என வரையறுத்துக் கூறுவதுபோல் இங்கு உறுதியான எண் எதுவும் இல்லை. ஆயினும் விளம்பரங்கள் எண்களைக் கூறத் தயங்குவதில்லை.

பலன் என்பதன் மூன்று படிநிலைகள்

முதற்படிநிலை, ஓர் அமர்வுக்குள் நிகழும் மாற்றம். தாமஸ் ரோஸ் முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஆல்ஃபா அலையைக் குறைக்கும் 30 நிமிடப் பயிற்சி ஒன்றே இயக்கப் புறணியின் கிளர்வுத்தன்மையை மாற்றியது. அம்மாற்றம் பயிற்சி முடிந்து 20 நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. இது குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பே. ஆனால் 20 நிமிடம் நீடிக்கும் மாற்றத்தை எவரும் தம் பிள்ளையின் தேர்வு மதிப்பெண்ணோடு தொடர்புபடுத்திவிட முடியாது.

இரண்டாம் படிநிலை, அமர்வுகள்தோறும் வளரும் கற்றல். சோஃபெல், ஹஸ்டர், ஹெர்மன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் மேல் ஆல்ஃபா அலைவரிசையை உயர்த்தும் பயிற்சி 5 அமர்வுகளாக அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற 14 பேரில் 11 பேர் அவ்வலையை உயர்த்தக் கற்றுக்கொண்டனர். நெற்றிநடுத் தீட்டா அலையைக் கொண்டு என்ரிக்கேஸ்-கெப்பர்ட் முதலியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 8 அமர்வுகளில் தெளிவான உயர்வு காணப்பட்டது. போலிப் பயிற்சி பெற்றோரை விஞ்சிய உயர்வு அது. ஆகவே, நல்ல கருவியும் மேற்பார்வையும் உடைய சூழலில், உடல்நலமுள்ள வயதுவந்தோர் ஓர் அலையை மாற்றக் கற்பதற்கு ஓரிரு வாரங்கள் போதுமெனக் கொள்ளலாம். முதலாம் ஆய்வில் எஞ்சிய மூவரையும் மறத்தலாகாது. எத்தனை அமர்வுகள் அளித்தாலும் தம் மூளை அலையை மாற்றக் கற்காதோர் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் இருக்கின்றனர்.

மூன்றாம் படிநிலையே மக்கள் விலைகொடுத்து வாங்க விரும்புவது: கவனம் கூடுதல், உறக்கம் சீராதல், பதற்றம் தணிதல். இதற்கெனச் செய்யப்பட்ட சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலும் 25 முதல் 40 அமர்வுகள் வரை அளித்துள்ளன. ஜெர்மனியில் கெவென்ஸ்லேபன் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடுடைய 8 முதல் 12 வயது வரையிலான 102 சிறார் பங்கேற்றனர். பின்னூட்டக் குழுவினர்க்கு 36 பயிற்சி அலகுகள் வழங்கப்பட்டன. கணினிவழிக் கவனப் பயிற்சி பெற்ற குழுவைக் காட்டிலும் இக்குழுவினர் பெற்றோர், ஆசிரியர் ஆகிய இருதரப்பு மதிப்பீட்டிலும் முன்னேறினர். வாரத்திற்கு இருமுறை எனக் கொண்டால் 30 முதல் 40 அமர்வுகள் என்பன 15 முதல் 20 வாரங்கள். இல்லவழிப் பயிற்சிக்கும் ‘மூன்று முதல் ஐந்து மாதம்’ எனக் கூறப்படும் கணக்கு இதனையொட்டியதே.

இவ்விடத்தில் ஒரு கருத்துப்பிழை எளிதில் நுழைந்துவிடுகிறது. 36 அமர்வுகள் அளித்த ஆய்வில் பலன் தெரிந்தது என்பதற்கு, 36 அமர்வுகள் தேவை என்பது பொருளன்று. அமர்வுகளின் எண்ணிக்கை ஆய்வாளர் முன்கூட்டியே நிறுவிக்கொண்ட ஒன்று. அதனை ‘பலன் தோன்றும் காலம்’ எனப் படிப்பது, நூலகம் 15 நாள்களுக்கு நூலைக் கடன் தருவதால் அந்நூலைப் படிக்க 15 நாள் ஆகும் என்று கொள்வதற்கு நிகர்.

போலிப் பயிற்சி எழுப்பும் சிக்கல்

மூன்றாம் படிநிலையின் காலத்தைக் கணிப்பதற்கு முன், அம்மாற்றம் பயிற்சியால் விளைந்ததா என்பது தெளிவாக வேண்டும். கோர்ட்டேசே முதலியோர் 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 520 பேர் பங்கேற்ற 13 சமவாய்ப்பு ஆய்வுகளை ஒருங்கே நோக்கியது. பயிற்சியை நேரில் அறிந்தவர்களின் மதிப்பீட்டில் முன்னேற்றம் தென்பட்டது. பிள்ளை எக்குழுவில் இருந்தது என்பதைப் பெரும்பாலும் அறியாதவர்களின் மதிப்பீட்டில் அம்முன்னேற்றம் புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படவில்லை. பிள்ளையை நாள்தோறும் அழைத்துச் செல்லும் தாய் காணும் மாற்றத்தை வகுப்பாசிரியர் காணவில்லை என இதனைச் சுருங்கக் கூறலாம்.

அமெரிக்காவில் நிகழ்ந்து 2021-இல் முடிவுகள் வெளியான இருமறைப்பு ஆய்வு இவ்வகையில் மிகுந்த கவனத்துடன் வடிவமைக்கப்பட்டது. 7 முதல் 10 வயது வரையிலான 144 சிறார்க்கு 38 அமர்வுகள் அளிக்கப்பட்டன. ஒரு சாராருக்குத் தீட்டா, பீட்டா அலைகளின் விகிதத்தைக் குறைக்கும் உண்மைப் பயிற்சி. மறுசாராருக்கு முன்னரே பதிவு செய்யப்பட்ட வேறொருவரின் மூளை அலையைக் கொண்டு இயங்கிய போலிப் பயிற்சி. கண் சிமிட்டினாலோ தலையை அசைத்தாலோ திரையில் எதுவும் மாறாவிடின் ஏமாற்று வெளிப்பட்டுவிடும் என்பதால், அப்பதிவின்மீது பயிற்சி பெறும் சிறாரின் அசைவுக் குறுக்கீடுகளும் இணைக்கப்பட்டன. இருகுழுவினரிடமும் கவனம் பெருமளவு முன்னேறியது; ஆனால் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 13 மாதங்களுக்குப் பின்னரும் நிலை அதுவே.

டூபிங்கன் நகரில் ஷோனென்பர்க் முதலியோர் வயதுவந்த 118 பேரைக்கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டியது. அங்கு ஒரு குழு 30 உண்மை அமர்வுகளையும், இன்னொரு குழு 15 போலி அமர்வுகளையடுத்து 15 உண்மை அமர்வுகளையும், மூன்றாம் குழு 12 அமர்வுகள் கொண்ட உளவியல் குழுச் சிகிச்சையையும் பெற்றன. மூன்று குழுக்களும் ஒத்த அளவில் முன்னேறின. உறக்கமின்மை தொடர்பாக சால்ஸ்பர்க் நகரில் ஷாபுஸ் முதலியோர் மேற்கொண்டு அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 12 உண்மை அமர்வுகளும் 12 போலி அமர்வுகளும் ஒரே நோயாளிகளுக்கு மாறிமாறி அளிக்கப்பட்டன. நோயாளிகள் இரண்டிலும் நலம் உணர்ந்தனர். உறக்கப் பதிவுக் கருவிகள் எவ்வேறுபாட்டையும் காட்டவில்லை.

இவ்வாய்வுகளைக் கொண்டு ‘பயிற்சியால் எப்பயனும் இல்லை’ என முடிவுகட்டுவது அவசரமாகும். ஒழுங்கான நேரத்தில் அமர்தல், அசையாதிருத்தல், ஒருவரின் முழுக்கவனத்தைப் பெறுதல், முயற்சிக்குப் பாராட்டுக் கிடைத்தல் ஆகியன அனைத்தும் சிகிச்சைக் கூறுகளே. இவற்றோடு, நிலைமை மிக மோசமாக இருக்கும்போதே எவரும் சிகிச்சையை நாடுவதால், எதுவும் செய்யாவிடினும் ஓரளவு நலம் திரும்பும் சராசரி நோக்கிய மீள்வும் சேர்ந்துகொள்கிறது. பெற்றோர் ஆறாம் வாரத்தில் காணும் மாற்றம் பொய்யன்று. அதன் காரணம் மின்முனையா, நாள்தோறும் மாலையில் பிள்ளையோடு அமர்ந்த 20 நிமிடமா என்பதே தெளிவுபடாதது. பின்னதாயின் கருவிக்குச் செலவிட்ட தொகை தேவையற்றது.

இதற்கு மாறாக நிற்கும் பழைய சான்று ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாரி ஸ்டெர்மன் 1960களில் பூனைகளுக்கு 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான உணர்வியக்கத் தாளத்தை உயர்த்தப் பால் உணவைப் பரிசாக அளித்துப் பழக்கினார். பின்னர் வேறோர் ஆய்வுக்காக, வலிப்பை உண்டாக்கும் ஏவுகணை எரிபொருள் வேதிப்பொருள் ஒன்று பூனைகளுக்குச் செலுத்தப்பட்டபோது, பழக்கப்பட்ட பூனைகள் வலிப்பை நெடுநேரம் தாங்கி நின்றன. பூனைகளிடம் எதிர்பார்ப்பின் விளைவைக் காரணமாகக் காட்டுவது கடினம். இதனையொட்டியே 1972-இல் ஸ்டெர்மனும் ஃபிரையரும் வலிப்பு நோயாளி ஒருவரிடம் இப்பயிற்சியை மேற்கொண்ட செய்தியை வெளியிட்டனர்.

இல்லத்தில் கடிகாரம் தாமதமாகத் தொடங்குதல்

மேற்கண்ட ஆய்வுகள் அனைத்திலும் மின்முனைகளைப் பயிற்சி பெற்றோர் பொருத்தினர்; தோலின் மின்தடை சரிபார்க்கப்பட்டது; அசைவுக் குறுக்கீடுகள் நீக்கப்பட்டன. தலைத்தோலில் கிடைக்கும் மூளை மின்னலையின் அளவு பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை மட்டுமே. தாடையை இறுக்கினால் எழும் தசை மின்சாரம் அதனைப் பன்மடங்கு விஞ்சும். அதன் அலைவெண்கள் பீட்டா அலைவரிசையின்மீது படியவும் செய்யும். இல்லக் கருவிகள் பலவற்றில் மின்முனைகள் முடியற்ற நெற்றியில் அமைகின்றன. எடுத்துக்காட்டாக, மியூஸ் தலைப்பட்டையில் நெற்றியில் இரண்டும் காதுகளின் பின்புறம் இரண்டுமாக நான்கு மின்முனைகள் உள்ளன. நியூரோஸ்கை நிறுவனத்தின் மைண்ட்வேவ் கருவியிலோ நெற்றியில் ஒன்றே உண்டு. கண் சிமிட்டலும் புருவச் சுளிப்பும் மிகுந்து பதிவாகும் இடம் நெற்றியே.

இதனால் விளையும் கேடு எளிதில் புலப்படுவதில்லை. பீட்டா அலையை உயர்த்தினால் பரிசு என அமைக்கப்பட்ட பயிற்சியில், கவனம் செலுத்துவதாக எண்ணிப் புருவத்தைச் சுளிக்கும் பிள்ளைக்குப் புள்ளிகள் கூடுகின்றன. பிள்ளை கற்பது சுளிப்பை. ஆல்ஃபா பயிற்சியில் கண்களைச் சற்று மூடினாலே அலை உயர்ந்துவிடும். பெர்கர் காலந்தொட்டு அறியப்பட்ட இவ்விளைவை முதல்நாளில் கிடைத்த வெற்றியாகச் செயலி அறிவிக்கக்கூடும். ஸ்டெர்மனின் உணர்வியக்கத் தாளம் உச்சந்தலையின் குறுக்கே செல்லும் பகுதியில் அளக்கப்பட வேண்டியது. நெற்றியிலும் காதருகிலும் மட்டும் மின்முனைகளைக் கொண்ட பட்டையால் அதனை முறையாக அளக்க இயலாது. கூடுதல் மின்முனை இணைக்கும் வசதி இருந்தாலன்றி, அத்தாளத்தைப் பற்றிய ஆய்வுகள் அக்கருவிக்குப் பொருந்தா. ஸ்வீடன் நாட்டின் மெண்டி போன்ற கருவிகள் மின்னலையை விடுத்து நெற்றிப்பகுதியின் குருதி ஆக்சிஜனை ஒளிகொண்டு அளக்கின்றன. குருதியோட்டம் நரம்புச் செயற்பாட்டிற்குச் சில நொடிகள் பின்தங்கியே உயர்வதால் அவற்றின் பின்னூட்டமும் தாமதமானது. செயல்படு ஆக்கநிலையுறுத்தலில் பரிசு தாமதமாகும்தோறும் கற்றல் மெதுவாகும் என்பது விலங்காய்வுகளிலிருந்தே நிலைபெற்ற கருத்தாகும்.

எனவே இல்லவழிப் பயிற்சியில் நாள்களை எண்ணுவதைவிடத் தூய குறியலை கிடைத்த நிமிடங்களை எண்ணுவது பொருத்தமானது. மருத்துவமனையில் 40 அமர்வுகள், ஒவ்வொன்றிலும் 30 நிமிட உண்மைப் பயிற்சி எனக் கொண்டால் மொத்தம் 20 மணி நேரம். இல்லத்தில் நாளொன்றுக்கு 10 நிமிடம் எனில் அதே நேரத்தை எட்ட 120 நாள்கள் வேண்டும். குறுக்கீட்டால் மூன்றில் ஒரு பங்கு வீணானால் அது 180 நாள்களாகும். விடுமுறை, காய்ச்சல், மின்கலம் தீர்ந்த நாள்கள் இதில் சேரா. இது தோராயக் கணக்கே; 10 நிமிடத் துண்டுகள் மூன்று சேர்ந்து ஒரு 30 நிமிட அமர்வுக்கு நிகராகும் என்பதற்கு உறுதி இல்லை. எனினும் ‘நான்கு வாரத்தில் மாற்றம்’ என்னும் கூற்றை எடைபோட இக்கணக்கு உதவும்.

திரையிலுள்ள மதிப்பெண்ணும் வாழ்க்கையிலுள்ள மாற்றமும்

பல பயிற்சி மென்பொருள்கள் பரிசுக்கான வரம்பைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. பயிற்சி பெறுபவர் எளிதில் வென்றால் வரம்பு உயரும், தோற்றால் தாழும். சோர்வு நேராதிருக்க இது தேவையே. ஆயின் வெற்றி விகிதம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்குமாறு அமைத்துவிட்டு, அவ்விகிதத்தையே முன்னேற்றமாகக் காட்டினால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. அலையின் உண்மை அளவு அமர்வுதோறும் எவ்வாறு மாறியது என்னும் தரவைச் செயலி தருகிறதா என்பதே கேட்கத்தக்கது. அவ்வளவும் பயிற்சிக்கு முந்தைய ஓய்வு நிலையோடு ஒப்பிடப்பட வேண்டும். 1970களில் ஆல்ஃபா பயிற்சியை மறுஆய்வு செய்த பிளாட்கின் போன்றோர், ‘ஆல்ஃபா அனுபவம்’ எனப் போற்றப்பட்ட அமைதியுணர்வு அலையின் அளவைக் காட்டிலும் எதிர்பார்ப்பையே சார்ந்திருந்ததைக் காட்டினர். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே சிக்கல் கைப்பேசித் திரையில் திரும்ப வந்திருக்கிறது.

வாழ்க்கையில் நேரும் மாற்றத்தை அளப்பதற்குச் செலவு மிகுதியாக வேண்டுவதில்லை. பயிற்சி தொடங்குமுன் இரு வாரங்களுக்கு ஒரே ஒரு நடத்தையை, எடுத்துக்காட்டாக வீட்டுப்பாடத்தில் எழாமல் அமர்ந்திருந்த நிமிடங்களையோ உறங்கச் சென்றபின் விழித்திருந்த நேரத்தையோ, குறித்து வைத்தல் வேண்டும். சராசரி நோக்கிய மீள்வை ஓரளவேனும் இனங்காண இக்குறிப்பு ஒன்றே வழி. பிறகு வாரந்தோறும் அதே நடத்தையைப் பயிற்சியைப் பற்றி அறியாத ஒருவர் மதிப்பிடுவது நன்று. பள்ளிப் பிள்ளைக்கு வகுப்பாசிரியர் அத்தகையவர். கோர்ட்டேசே தொகுப்பாய்வு சுட்டிய வேறுபாட்டை ஒரு குடும்பம் தன் அளவில் சோதித்துக்கொள்ள இதுவே வாய்ப்பு. எந்நாளில் நிறுத்துவது என்பதும் தொடங்குமுன்னரே எழுதி வைக்கப்பட வேண்டும். 20 தூய அமர்வுகளுக்குப் பின்னும் அலையின் அளவிலோ ஆசிரியரின் குறிப்பிலோ அசைவே இல்லையெனில், மேலும் 20 அமர்வுகளுக்கு நீட்டிப்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை. நீட்டிக்கச் சொல்வது பெரும்பாலும் சந்தா வசூலிக்கும் தரப்பே.

மருந்தைப் பொறுத்தவரை இக்கால வேறுபாடு கூர்மையாகிறது. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டிற்கு வழங்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் உட்கொண்ட ஒரு மணி நேரத்திற்குள் செயற்படத் தொடங்கும். சரியான அளவைக் கண்டறியச் சில வாரங்கள் ஆகும். பின்னூட்டத்தின் 20 வாரக் காத்திருப்பு எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ அரைக் கல்வியாண்டு. மருந்தை நிறுத்திவிட்டுக் கருவியை நம்பிக் காத்திருக்கும் குடும்பத்தில் அந்த அரையாண்டின் இழப்பைச் சுமப்பது பிள்ளையே. வலிப்பு நோயாளியாயின் இழப்பு இன்னும் பெரிது. மருந்தை நிறுத்துவதால் வலிப்பு மீண்டும் மீண்டும் தொடர்ந்து உயிருக்கே இடராகலாம். இல்லவழிப் பயிற்சியை மேற்கொள்வோர் நடப்பிலுள்ள மருந்தைத் தொடர்ந்துகொண்டே அதனைச் செய்தலும், மருந்தின் அளவை மாற்றுவதாயின் அதனை மருத்துவரே முடிவு செய்தலும், அவ்வாறு மாற்றிய நாளை வாரக் குறிப்பேட்டில் தனியே பதிதலும் வேண்டும். இல்லையேல் அதற்குப் பின் காணும் ஏற்றமோ இறக்கமோ எதனால் நேர்ந்தது என்பது எவர்க்கும் தெரியாமற் போகும்.